நாளேட்டிலிருந்து புதினத்திற்கு: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்வு

நம் வட்டத்தின் கூட்டம் முடிந்து கலைந்து செல்லும் வேளையில் இளைய அன்பர்கள் பலமுறை எழுப்பிய வினா ஒன்றுண்டு. வரலாற்றுப் புதினங்களுள் எவற்றைப் படிக்கலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்பதே அது. பத்தாண்டு நிறைவு மலரில் அதற்கு விடையாக ஒரு நூற்பட்டியலைத் தந்துவிடலாம். இக்கட்டுரையின் இறுதியில் அப்பட்டியலும் உண்டு. ஆயினும் புதுவையில் வாழும் நாம் அதற்கு முன் ஒருவரின் வாழ்வை அறிந்துகொள்ள வேண்டும். அவர் புதினம் எதையும் எழுதியவர் அல்லர், கவிஞரும் அல்லர். நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்த ஒரு வணிகர். அவர் பெயரால் அமைந்த வீதியில் நாம் அன்றாடம் நடக்கிறோம். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

பெரம்பூரிலிருந்து புதுவைக்கு

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாசியாக விளங்கினார். இரு மொழி அறிந்தவர் என்பது துபாசி என்னும் சொல்லின் பொருள். எனினும் அப்பதவி மொழிபெயர்ப்போடு நின்றதன்று. கும்பெனிக்குத் துணி நெய்து தரும் ஊர்களோடு பேசுதல், வணிகர்களைத் திரட்டுதல், அரசர்களுக்கும் நவாபுகளுக்கும் தூது விடுத்தல், நகரத்தார் வழக்குகளைக் குவர்னரிடம் கொண்டு செல்லுதல் ஆகிய அனைத்தும் அவர் கையில் இருந்தன. அந்த நைனியப்பரின் அழைப்பின் பேரில்தான் திருவேங்கடம் பிள்ளையின் குடும்பம் புதுவைக்குக் குடிபெயர்ந்தது.

உயர்ந்த பதவிக்கு உரிய ஆபத்தும் அக்குடும்பத்தைத் தொடர்ந்து வந்தது. குவர்னர் எபேர் காலத்தில் நைனியப்பர் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தார்; 1717இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டார். தந்தைக்கு எதிரான தீர்ப்பு பாரிசில் தள்ளுபடியாயிற்று. கிறித்துவ சமயம் தழுவிப் பிரெஞ்சு அரசரின் பட்டமும் பெற்றுத் திரும்பிய குருவப்பர் தலைமைத் துபாசியானார்; 1724இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1726இல், திருவேங்கடம் பிள்ளையும் காலமானார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு.

அதிகாரத்தின் அருகில் இருப்பவனுக்கு அதன் நிழலும் உண்டு, நெருப்பும் உண்டு என்பதை அச்சிறுவர் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார். பிற்காலத்தில் யார் எப்போது என்ன சொன்னார், எந்த முகக்குறிப்போடு சொன்னார் என்பதையெல்லாம் அவர் விடாது குறித்து வைத்ததற்கு இந்த இளமைப் பாடமும் ஒரு காரணமாய் இருந்திருக்கக்கூடும்.

குவர்னர் லெனுவார் இவருடைய திறமையை உணர்ந்து பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டசாலையை மேற்பார்க்கும் பொறுப்பை ஒப்புவித்தார். துணி வணிகத்தில் ஆனந்தரங்கர் தேர்ந்தார். சொந்தமாகக் கப்பலும் வைத்திருந்தார். ஆனந்தப் புரவி என்பது அதன் பெயர். கடற்கரையில் நின்று எவர் கப்பலோ வருவதைக் காத்திருந்த காலம் போய், தம் பெயர் தாங்கிய கலம் பாய் விரித்துச் செல்வதைக் காணும் நிலைக்கு அவர் உயர்ந்தார்.

ஏடு தொடங்கிய நாள்

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது குவர்னர் துய்மா. ஆனந்தரங்கருக்கு வயது இருபத்தேழு. அன்று தொடங்கிய எழுத்து, இடையிடையே விட்டும் தொட்டும், ஏறக்குறைய 25 ஆண்டுகள் நடந்தது.

கணக்கேடு எழுதிப் பழகிய கை அது. தமிழாண்டு, மாதம், தேதி, கிழமை, ஐரோப்பியத் தேதி, நேரம் என்று ஒழுங்காகத் தொடங்கும். பின் கப்பல் வந்தது, கப்பல் போனது, எத்தனை பீரங்கி முழங்கிற்று, எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, யார் வீட்டில் கலியாணம், யார் இறந்தார், யாருக்கு எவர்மேல் மனத்தாங்கல் என்று ஓடும். நடை பேச்சு நடை. பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, தெலுங்கு என அன்றைய கடைத்தெருவில் கேட்ட சொற்கள் அத்தனையும் அதில் தமிழ் உருவம் பெற்று உலவுகின்றன. இலக்கணப் புலவர் ஒருவர் அதைக் கண்டிருப்பாரேல் முகம் சுளித்திருப்பார். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவைத் தமிழர் எப்படிப் பேசினர், எதற்கு அஞ்சினர், எதை நம்பினர் என்பதை அறிய அதைவிடச் சிறந்த வாயில் நமக்கு வேறில்லை.

துய்ப்ளெக்சின் நிழலில்

1742இல் துய்ப்ளெக்ஸ் குவர்னரானார். தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் மறைந்தார். அவ்விடத்துக்குப் பலர் போட்டியிட்டனர். குவர்னரின் மனைவியார் புதுவையிலேயே பிறந்தவர். தமிழ் பேச வல்லவர். ஆட்சிக் காரியங்களில் தலையிடும் இயல்பினர். அவர் ஆனந்தரங்கரை விரும்பவில்லை. ஆயினும் அப்பொறுப்பு ஆனந்தரங்கரிடமே வந்து சேர்ந்தது. அவ்வம்மையாருக்கும் அவருக்கும் இருந்த பிணக்கு ஏடு நெடுகிலும் தொடர்கிறது.

அந்த ஆண்டுகள் தென்னாட்டு வரலாற்றைத் திருப்பிப் போட்டவை. 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே அடையாற்றங்கரையில் சிறு பிரெஞ்சுப் படை நவாபின் பெருஞ்சேனையை விரட்டியது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாசுக்காவன் புதுவையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். 1749இல் ஆம்பூரில் நவாபு அன்வருத்தீன் வீழ்ந்தார். 1750 இறுதியில் செஞ்சிக்கு அருகே நாசிர் சங் கொல்லப்பட்டார். முசபர் சங் புதுவைக்கு வந்து தக்காணத்து அதிபராகக் கொண்டாடப்பெற்றார். ஆனந்தரங்கருக்கு அவர் மன்சப் விருதும் பட்டமும் வழங்கினார். பெரம்பூர் வணிகர் மகனின் வாழ்வில் அதுவே உச்சிப் பொழுது.

அவர் பேரவையில் புலவர்களுக்குக் குறைவில்லை. தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு இயற்றினார். கஸ்தூரி ரங்ககவி தெலுங்கில் யாப்பு நூல் ஒன்று செய்து அதற்கு இவர் பெயரையே சூட்டினார். மூன்று மொழிகளில் புகழ்மாலை பெற்ற வணிகர் புதுவையில் அவருக்கு முன்னும் பின்னும் எவரேனும் உண்டோ என்பது ஐயமே.

வாய் திறவாத நாள்

புகழ்மாலைகள் சொல்லாத ஒன்றை அவருடைய ஏடு சொல்கிறது. இன்று சம்பாக் கோயில் என்று நாம் அழைக்கும் தேவாலயத்தை ஒட்டி அந்நாளில் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதனை அகற்ற வேண்டும் என்னும் முயற்சி முன்னரும் நடந்து, நகரத்தாரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டிருந்தது. 1748 செப்டம்பரில், பாசுக்காவனின் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, கோயில் இடிக்கப்பட்டது. ஊரெங்கும் போர் அச்சம். மக்கள் பலர் வெளியேறியிருந்தனர். நாட்டாண்மைக்காரர் ஆனந்தரங்கரிடம் ஓடி வந்தனர். அவரோ, ஊரார் ஒற்றுமை இன்றிப் போனதே இதற்குக் காரணம் என்று அவர்களையே கடிந்து, திருமேனிகளையேனும் காப்பாற்றும் வழியைப் பார்க்கச் சொன்னார்.

அவரால் தடுத்திருக்க இயலுமா? இக்கேள்விக்கு ஏடு விடை தரவில்லை. வைணவ நெறியினராகிய அவர் சிவன் கோயிலுக்காகப் பதவியைப் பணயம் வைக்கத் துணியவில்லை என்பாரும் உளர். சிறையில் மடிந்த நைனியப்பரின் நினைவு அவர் நாவைக் கட்டிற்று என்பாரும் உளர். எப்படியாயினும் குவர்னரை எதிர்த்து நில்லாத அதே மனிதர், இரவு விளக்கொளியில் அமர்ந்து, இடித்தவர் யார், உடன் நின்றவர் யார், பேசாதிருந்தவர் யார் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். தம்முடைய தயக்கத்துக்கும் தாமே சாட்சியானார். இன்று ஈசுவரன் கோயில் வீதியில் நாம் வழிபடும் வேதபுரீசுவரர் ஆலயம் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. பழைய கோயில் எப்படி மறைந்தது என்பதை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிவது அந்த ஒரு கையெழுத்தால்தான்.

இன்னொரு செய்தி 1743ஆம் ஆண்டுக்குரியது. பக்கத்து ஊர்களின் ஏழை மக்களை வஞ்சித்துப் பிடித்து, வீடொன்றில் அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கும்பல் ஒன்று அகப்பட்டது. ஆனந்தரங்கர் அதையும் குறித்தார். அகப்பட்டோரின் துயரைக் கேட்டறிந்து எழுதினார். ஆயினும் அவர் தம் காலத்தின் மனிதர், உயர்நிலையில் இருந்தவர். எளிய மக்கள் அவர் ஏட்டில் வாயிலுக்கு வந்து நின்று போகிறவர்களாகவே காட்சி தருகின்றனர். உள்ளே அழைக்கப்படுவதில்லை. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. இதை நினைவில் வைத்துப் படிப்பதே அவருக்குச் செய்யும் நேர்மை.

அந்திப் பொழுது

1754இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பெற்றார். அவருடைய பேராசைப் போர்கள் கருவூலத்தை வற்றச் செய்திருந்தன. காற்று மாறியது. 1756இல், குவர்னர் லெரி காலத்தில், ஆனந்தரங்கர் தலைமைத் துபாசிப் பதவியை இழந்தார். வரவேண்டிய பாக்கிகள் வரவில்லை. உடல்நலமும் குன்றியது. ஒருகாலத்தில் அவர் வாயிலில் காத்திருந்தோர் வேறு வாயில்களுக்குச் சென்றனர். அவர் மட்டும் தம் ஏட்டை விட்டுச் செல்லவில்லை. செல்வாக்கிழந்த ஆண்டுகளிலும் வரும் செய்திகளையும் போகும் மனிதர்களையும் குறித்துக்கொண்டே இருந்தார்.

1758இல் லல்லி பெரும்படையோடு வந்தார். 1760 சனவரியில் வந்தவாசியில் தோற்றார். ஆங்கிலேயர் அயர் கூட்டின் தலைமையில் புதுவையை வளைத்தனர். உணவின்றி நகரம் வாடியது. 1761 சனவரியின் நடுப்பகுதியில் புதுவை பணிந்தது. நகரம் வீழ்ந்த அதே நாள்களில் ஆனந்தரங்கரும் கண்மூடினார். அவருக்கு வயது 51. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, வெள்ளையர் நகரின் மாளிகைகள் இடிக்கப்பட்டன. அக்கோட்டையில் ஒரு சுவரைக்கூட நாம் இன்று காண முடியாது. ரங்கப்பிள்ளை வீதியில் அவர் இல்லம் மட்டும், தமிழ் முறையும் பிரெஞ்சு முறையும் கலந்த தூண்களோடு, இன்றும் நிற்கிறது.

மண்ணுக்குள் இருந்த விதை

ஏடுகள் அவ்வீட்டில் நெடுங்காலம் உறங்கின. 1846இல் அர்மான் கலுவா மோம்ப்ரன் அவற்றைக் கண்டறிந்தார். அரியேல் என்பார் எடுத்த படி பாரிசு தேசிய நூலகம் சேர்ந்தது. 1894இல் ழூலியன் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழில் எழுதியவரைத் தமிழர் ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்த விந்தை அது. மூலத்தின் தொகுதிகள் புதுவையில் 1948 முதல் அச்சேறத் தொடங்கின. மு. இராசேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019இல் வெளிவந்தன.

அவர் மறைந்த பின் அவர் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதினர். இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய ஏட்டை ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்திருக்கிறார். ஆக, நாட்குறிப்பு எழுதுவது புதுவையில் ஒரு மரபாகவே வேர்கொண்டது.

இனி, புதினத்துக்கு வருவோம். தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்பெறும் மோகனாங்கியை ஈழத்துத் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்டார். அது நாயக்கர் காலத்து அரண்மனைக் கதை. கல்கி பல்லவரையும் சோழரையும் நம் கண்முன் நிறுத்தினார். அவர்களுக்குக் கிடைத்த சான்றுகள் கல்வெட்டும் செப்பேடும். கல்வெட்டு அரசன் பெயரோடு தொடங்கும். அவன் வெற்றியைச் சொல்லும். கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையைச் சொல்லும். நெய்த துணிக்குக் கூலி கிடைக்காத நெசவாளி அன்றிரவு என்ன பேசினான் என்பதைச் சொல்லாது. ஆகவே நம் வரலாற்றுப் புதினங்களில் அரசரும் இளவரசியரும் ஒற்றரும் நிறைந்ததில் வியப்பில்லை. சான்று எவ்வழியோ, கதையும் அவ்வழி.

ஆனந்தரங்கரின் ஏடு இந்த வழியைத் திருப்பியது. புதுவையில் 1945இல் பிறந்து 2018இல் மறைந்த பிரபஞ்சன் அதை அடித்தளமாகக் கொண்டு மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் இரு புதினங்களைப் படைத்தார். முன்னது துய்மா காலத்தையும் பின்னது துய்ப்ளெக்ஸ் காலத்தையும் பெரிதும் பற்றியவை. வானம் வசப்படும் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அப்புதினங்களில் குவர்னரும் நவாபும் வருகிறார்கள். ஆனால் கதையின் பாரத்தைச் சுமப்போர் தாசியரும் வணிகரும் வேலைக்காரரும் விற்கப்பட்ட மனிதருமே. ஏட்டில் வாயிலோடு நின்று போனவர்களைப் பிரபஞ்சன் உள்ளே அழைத்து அமரச் செய்தார். ஆனந்தரங்கர் குறித்து வைத்திராவிடில் அவர்கள் வாயில் வரையிலும் வந்திருக்க மாட்டார்கள். ஏட்டாசிரியரும் புதின ஆசிரியரும் ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்த அரிய நிகழ்ச்சி இது.

இளையோர் கேட்ட பட்டியல்

எனவே என் பரிந்துரை இதுவே. முதலில் வானம் வசப்படும் படியுங்கள். உடன் நாட்குறிப்பின் ஒரு தொகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொன்னியின் செல்வனுக்குச் சென்று, கல்வெட்டிலிருந்து கதை பிறக்கும் விதத்தைக் காணுங்கள். மதுரையின் அறுநூறு ஆண்டுக் கதையைக் களவையும் காவலையும் கொண்டு சொல்லும் சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் அடுத்தது. தாது வருடப் பஞ்சத்துச் சென்னையைக் காட்டும் ஜெயமோகனின் வெள்ளை யானை வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழரைக் காட்டும் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை விடலாகாது. மலேசியாவின் அ. ரெங்கசாமி சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட தமிழர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கது.

பிறமொழிகளில், பழங்காலம் தொட்டு நாட்டுப் பிரிவினை வரை ஓடிவரும் குர்ரத்துலைன் ஹைதரின் அக்னி நதி உருதுவிலிருந்து தமிழில் கிடைக்கிறது. நெப்போலியன் படையெடுத்த காலத்து உருசியாவைக் காட்டும் தால்சுதாயின் பெருநூலை டி. எஸ். சொக்கலிங்கம் போரும் வாழ்வும் என்று தமிழாக்கியிருக்கிறார். இவை ஒவ்வொன்றையும் படிக்கும்போது ஆசிரியருக்கு எத்தகைய சான்று கிடைத்தது, அச்சான்று யாரைப் பேச விடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். வரலாற்றுப் புதினத்தைப் படிக்கும் முறை அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கவிஞர்களாகிய நமக்கு ஆனந்தரங்கரின் வாழ்வு சொல்லும் செய்தி சற்றே கசப்பானது. அவரைப் பாடிய கோவையையும் சம்புவையும் இன்று ஆய்வாளரன்றிப் பிறர் தேடுவதில்லை. பரிசில் பெற்ற சொற்கள் அடங்கிவிட்டன. எவர் பாராட்டையும் எதிர்பாராமல், பிழையும் கொச்சையுமாக, உறங்குமுன் எழுதிய குறிப்புகள் இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து புதினமாய்ப் பூத்தன. யாப்பைக் கைவிடச் சொல்லவில்லை. கவிதைக்கு அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுவோம் என்றே சொல்கிறேன். இன்று நம் வீதியில் இடிக்கப்படும் பழைய வீட்டின் பெயர், மறைந்துவரும் ஒரு தொழிலாளியின் பேச்சு, நாம் வாய் திறவாது நின்ற ஒரு நாள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வைப்போம். இன்னும் பிறவாத ஒரு புதின ஆசிரியர் அதற்காகக் காத்திருக்கக்கூடும். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அவருக்கு விட்டுச்செல்லும் சொத்து அதுவாக இருக்கட்டும்.